கிழவர்களுக்குக் கொடுப்பது பென்ஷனா, பிச்சையா?

நம் நாட்டில் பாடுபடுகிறவன் கிழவனாகிவிட்டால் அவன் கதி என்ன? நாற்பது ஐம்பது வருஷகாலம் நாற்று நட்டவளும், கல் உடைத்தவனும், மூட்டை சுமந்தவனும் கைகால் ஓய்ந்தவுடன் ஒருவேளைக் கஞ்சிக்குப் பிறர் முகத்தைப் பார்க்க வேண்டியவர்களாகிறார்கள். ஏனென்று கேட்டால் "அவன் தலையெழுத்து" என்கிறார்கள். இது தலையெழுத்தா, அல்லது சர்க்கார் எழுதிய கணக்கா என்று பார்ப்போம்.

1995-இல் மத்திய சர்க்கார் ஏழை முதியோருக்கு மாதம் 75 ரூபாய் என்று ஒரு திட்டம் போட்டது. 2006-இல் அதை 200 ஆக்கிற்று. 2011-இல் 80 வயதானவர்களுக்கு மாத்திரம் 500 என்றது. மற்றவர்களுக்கு 2024-இலும் அதே 200தான்! நாளொன்றுக்கு 7 ரூபாய்கூட ஆகவில்லை. இதில் ஒருவன் எதைத் தின்பது, எந்த மருந்தை வாங்குவது? சில ராஜ்யங்கள் தங்கள் பணத்தைச் சேர்த்துக் கொடுக்கின்றன. தமிழ்நாடு 2023-இல் 1,200 ஆக்கிற்று. அதுவும் நாளுக்கு 40 ரூபாய்தான்.

இனி, சர்க்கார் தன் உத்தியோகஸ்தர்களுக்குச் செய்வதைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் வந்த மத்திய திட்டத்தில் சேர்ந்தவர் பத்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றால் மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாது. அதாவது 200-க்கு ஐம்பது மடங்கு! விலைவாசிக்குத் தக்கபடி பஞ்சப்படியும் உண்டு. அவருக்குக் குறைக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அரிசி விலை உத்தியோகஸ்தர் வீட்டுக்கு மாத்திரந்தான் ஏறுகிறதா, கூலிக்காரி குடிசைக்கு ஏறுவதில்லையா என்றுதான் கேட்கிறோம்.

"உத்தியோகஸ்தர் சந்தா கட்டுகிறாரே" என்பார்கள். கூலிக்காரி கட்டவில்லையா? வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் ஆயுள் முழுவதும் வரி கொடுத்தவள்தானே அவள்?

"பெற்ற பிள்ளைகள் காப்பாற்றட்டுமே" என்பார்கள். அதற்கு 2007-இல் ஒரு சட்டமும் செய்தார்கள். பணமுள்ள பிள்ளை தாயைத் தள்ளிவிட்டால் அந்தச் சட்டம் உதவும். கூலிக்காரியின் பிள்ளையும் கூலிக்காரனாயிருந்தால், வெறும் சட்டியை இரண்டு பேருக்குப் பங்கிடுவதைத் தவிர அந்தச் சட்டத்தால் வேறென்ன ஆகும்?

இங்கிலாந்தில் 1908-ஆம் வருஷச் சட்டப்படியே, 70 வயதான ஏழைகளுக்குச் சந்தா ஒன்றும் கேளாமல் வாரம் 5 ஷில்லிங் வரை கொடுத்தார்கள். அவர்கள் தலையில் மாத்திரம் பிரம்மா வேறு மையினால் எழுதினானா?

ஆகவே தோழர்களே! இது தர்மமல்ல, உழைத்தவனுக்குச் சேரவேண்டிய பாக்கி. விலைவாசி ஏறும்போது அவன் பென்ஷனும் தானே ஏறும்படி சட்டம் செய்ய வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கும்பிடு போடாமல் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.