திரும்பி வந்தவனும் தங்கிவிட்டவர்களும்

டில்லித் தமிழர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் நிலவும் அபிப்பிராயங்களுள் மிகவும் உறுதியானது, அவர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் தெற்கே திரும்பி வரக் காத்திருப்பவர்கள் என்பதாகும். ஓய்வுபெற்ற கையோடு ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு மேற்கு மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் ஸ்ரீரங்கத்திலும் வந்து இறங்கிய ஒரு தலைமுறையை நாம் கண்ணாரக் கண்டிருப்பதால், இந்த அபிப்பிராயத்தை முற்றிலும் பிசகென்று சொல்வதற்கில்லை. ஆனால், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறுமென்று 1911 தர்பாரில் அறிவிக்கப்பட்டு, 1931இல் புது டில்லி முறைப்படி திறக்கப்பட்ட காலத்தையொட்டிச் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்றுக்கொண்டு வடக்கே வந்த இளைஞர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்பது கரோல் பாக், அல்லது லட்சுமிபாய் நகர், அல்லது ராமகிருஷ்ணபுரம். அவர்கள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் நியூ ஜெர்ஸியிலும் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது காவிரிக் கரைக்குத் திரும்புவதில்லை. யமுனைக் கரைக்கே திரும்புகிறார்கள். அவர்களுள் நானும் ஒருவன் ஆகையால், திரும்பி வந்தவர்களின் சிநேகங்களைப் பற்றிச் சில விஷயங்களை ஒளிவுமறைவின்றிச் சொல்லலாமென்று நினைக்கிறேன்.

திரும்பி வருகிறவன் தன் பழைய சிநேகங்களை, வெகுகாலத்துக்கு முன் கொடுத்துவைத்த முதலுக்கு வட்டி கேட்டு வருகிற லேவாதேவிக்காரனைப் போலவே அணுகுகிறான். தான் இல்லாத காலமெல்லாம் நண்பர்கள் தன்னை நினைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டுமென்றும், தான் வந்து உட்கார்ந்ததும் சம்பாஷணை விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டுமென்றும் அவன் மனம் எதிர்பார்க்கிறது. அவர்களும் அன்போடுதான் வரவேற்கிறார்கள், விருந்து வைக்கிறார்கள், பிறகு தத்தம் காரியங்களைக் கவனிக்கப் போய்விடுகிறார்கள். உடனே நம் மனிதர், டில்லியே மாறிவிட்டது, யாருக்கும் ஈரமில்லை, அந்தக் காலம் போயே போய்விட்டது என்று பிலாக்கணம் வைக்கத் தொடங்குகிறார். இந்தப் பிலாக்கணத்தில் எனக்குச் சம்மதமில்லை.

அந்தக் காலத்துச் சிநேகங்கள் எப்படி உண்டாயின என்று சற்று யோசித்துப் பார்த்தால், அவற்றில் நம்முடைய பிரத்தியேகமான குணவிசேஷம் எதுவுமில்லை என்பது விளங்கும். இன்னாருக்கு அடுத்த வீட்டில் இன்னார் குடியிருப்பார் என்பதைத் தீர்மானித்தது சர்க்கார் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு செய்த ஒரு குமாஸ்தாவின் பேனா. 1959இல் தொடங்கப்பட்ட டில்லி பால் திட்டத்தின் பூத் வாசலில், விடியற்காலை இருட்டில், குளிருக்குக் காதைச் சுற்றி மஃப்ளரைக் கட்டிக்கொண்டு, காலிப் பால் பாட்டில்களோடு வரிசையில் நின்ற பையன்கள், வேறு வழியின்றி ஒருவரோடொருவர் பேசினார்கள். கோடையில், ஏர்கண்டிஷனர் என்பது பெரிய அதிகாரிகளின் அறையில் மட்டும் முனகிய அந்நாட்களில், குவார்ட்டர்ஸ் நடுவிலிருந்த சதுக்கத்துப் புல்தரையிலும் மொட்டை மாடிகளிலும் கயிற்றுக் கட்டில்களை வரிசையாகப் போட்டு, தலைமாட்டில் ஒரு மண் சுராஹியில் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஒரு குடியிருப்பு முழுவதுமே ஆகாயத்தின் கீழ் உறங்கியது. நடு நிசியில் ஆந்தி என்கிற புழுதிப் புயல் கிளம்பினால், யாருடைய தலையணை யாருடைய குழந்தை என்று பாராமல் கையில் அகப்பட்டதை வாரிக்கொண்டு எல்லோரும் அருகிலிருந்த வீட்டுக்குள் ஓடுவார்கள். விடிந்த பிறகு தலையணைகளையும், சில சமயம் குழந்தைகளையும், உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் வைபவம் நடக்கும். அப்படி ஓடியவர்களுக்குள் அந்நியோன்யம் உண்டாகாமல் இருந்திருந்தால் அல்லவா ஆச்சரியம்!

பள்ளிக்கூடத்தின் கதையும் இதுவே. 1923இல் தோன்றி இன்று டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று வழங்கும் ஸ்தாபனம் நடத்துகிற ஏழு பள்ளிகளில் ஏதேனும் ஒன்றுக்கு நடந்தோ பஸ் பிடித்தோ போன பிள்ளைகள், சாலைத் திருப்பத்தில் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து பழகினார்கள். வீட்டில் தஞ்சாவூர்த் தமிழும் தெருவில் பஞ்சாபி கலந்த ஹிந்தியும் பேசிய இந்தப் பிள்ளைகளுக்கு, எந்த நண்பனிடம் எந்தப் பாஷையில் கோபித்துக்கொள்ள வேண்டும் என்பதுகூட நிச்சயமாகத் தெரியும். கரோல் பாகில் எங்களுக்கு அண்டை வீட்டாராக இருந்த பஞ்சாபிக் குடும்பங்களோ பிரிவினையின்போது லாகூரையும் ராவல்பிண்டியையும் விட்டு வந்தவை. சொந்த ஊருக்குத் திரும்புவது என்ற பேச்சுக்கே இடமில்லாதவர்கள் அவர்கள். ஊர் திரும்ப முடிவதே ஒரு பாக்கியம் என்பதை, எங்களுக்கு லோஹ்ரிப் பண்டிகைத் தீயைச் சுற்றி வேர்க்கடலையும் ரேவ்டி மிட்டாயும் கொடுத்த அந்தப் பெரியவர்கள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆகவே நம்மைச் சேர்த்துவைத்தது நடந்து போகும் தூரம். அது போனதும் சிநேகம் நலிந்தது. சர்க்கார் குவார்ட்டர்ஸில் பிறந்தவனுக்கு அந்த வீட்டின்மீது எந்தப் பாத்தியதையும் கிடையாது. தகப்பனார் ஓய்வுபெற்றால் சில மாதங்களுக்குள் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். பிறகு ஜனக்புரியில் டில்லி வளர்ச்சிக் குழுமத்தின் (டி.டி.ஏ.) ஒரு ஃபிளாட், பட்பட்கஞ்சில் ஒரு கூட்டுறவு சொசைட்டி வீடு, துவாரகை, மயூர் விஹார், நொய்டா, குர்கான் என்று ஒரே சதுக்கத்துப் பிள்ளைகள் திக்குக்கொருவராகச் சிதறினார்கள். இன்று மெட்ரோவின் நீல வழித்தடத்தில் துவாரகைக் கோடியில் ஒரு சிநேகிதனும் நொய்டாக் கோடியில் இன்னொரு சிநேகிதனும் இருந்தால், ஒருவரையொருவர் பார்ப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பிரயாணம். திரும்பி வர அதே அளவு. இதில் இதயத்தின் ஈரத்தைப் பற்றிய விசாரணைக்கு என்ன அவசியம்?

அந்தச் சதுக்கங்களும் மறைந்துவருகின்றன. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு சர்க்கார் குடியிருப்புகளை இடித்துக் கட்டுவதற்கு 2016இல் மத்திய அமைச்சரவை அனுமதி அளித்தது; மரங்களை வெட்டுவதை எதிர்த்து 2018இல் ஜனங்கள் தெருவுக்கு வந்ததும், உயர் நீதிமன்றம் தலையிட்டதும் பலருக்கு நினைவிருக்கும். நௌரோஜி நகரில் குமாஸ்தாக்களின் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கோபுரங்களோடு வர்த்தக மையம் நிற்கிறது. பழைய குவார்ட்டர்ஸ் சௌகரியமானவை என்று நான் வாதிக்கப் போவதில்லை. மழைக்காலத்தில் கூரை ஒழுகும், குழாயில் தண்ணீர் வராது. புதிய அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் உண்டு, வாகன நிறுத்தம் உண்டு. ஆனால் காரணமில்லாமல் ஒருவரையொருவர் சந்திப்பதற்கான இடம் அவற்றின் வரைபடத்தில் இல்லை. காவலாளியிடம் பெயர் எழுதி, அவன் இன்டர்காமில் கேட்டு, அனுமதி பெற்று மேலே போவதற்குள், சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தவனுக்கு எதற்காக வந்தோம் என்ற வெட்கமே வந்துவிடுகிறது.

ஆனால் தூரத்தின் மீது மாத்திரம் பழியைப் போட்டுவிட்டு நழுவுவது நியாயமாகாது. திரும்பி வந்தவன் உணர மறுக்கும் வேறொரு விஷயம் உண்டு. 2021 ஏப்ரல், மே மாதங்களில், கொரோனா இரண்டாம் அலையின்போது, டில்லி ஆஸ்பத்திரிகளில் படுக்கையும் பிராணவாயுவும் கிடைக்காமல் போன அந்தக் கொடிய வாரங்களில், இங்கேயே தங்கிவிட்டவர்கள் ஒருவருக்காக ஒருவர் சிலிண்டர் தேடி அலைந்தார்கள். மூடிய கதவுகளுக்கு வெளியே சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனார்கள். யாருமே வர முடியாத மயானங்களில் அடுத்த வீட்டுக்காரருக்கு மகனாக நின்றார்கள். நானும் என்னைப் போன்றவர்களும் அப்போது தூரதேசங்களிலிருந்து க்ஷேமம் விசாரித்துக்கொண்டிருந்தோம். அந்த வாரங்களில் உறுதிப்பட்ட சிநேகங்களில் எங்களுக்குப் பங்கில்லை. அவர்கள் கூடிப் பேசும்போது பாதிப் பேச்சு நமக்குப் புரியாமற் போவது அலட்சியத்தால் அல்ல. நாம் அங்கே இல்லாததால். பழைய நண்பர்கள் நடுவே திரும்பி வந்தவன் புதிதாகக் குடிவந்தவனே. அவர்களது இன்றைய வாழ்வை, அதாவது மருமகளோடு உள்ள மனத்தாங்கலையும் முழங்கால் வலியையும் மூன்றாவது மாடியில் மூச்சு வாங்குவதையும் கேட்டறியப் பொறுமை இல்லாதவன், 1970ஆம் ஆண்டுத் தமாஷ்களைச் சொல்லிச் சிரிக்க மாத்திரம் அவர்களை அழைப்பது ஒருவகைச் சுயநலம் என்றே கருதுகிறேன்.

இந்தக் காரணத்தால்தான், வாட்ஸ்அப் குழுக்களிலும், வருஷத்துக்கு ஒரு முறை நட்சத்திர ஹோட்டலில் நடக்கும் பழைய மாணவர் விருந்துகளிலும் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. அங்கே எல்லோரும் தங்கள் புகைப்படங்களைப் போலவே நடந்துகொள்கிறார்கள். இவற்றைவிட, நீல வழித்தடத்தின் நடுவே இருக்கும் கரோல் பாகில் குறிப்பிட்ட ஒரு கிழமையில் குறிப்பிட்ட ஒரு நேரத்தில், வருபவர் வரட்டும் என்று இரண்டு பேர் வந்து நின்றால், அதில் பலன் அதிகம். டில்லித் தமிழ்ச் சங்கத்தின் நூல் நிலையத்துக்கு விழா இல்லாத நாளில் போவதும், மலை மந்திர் முருகன் கோயிலில் கிருத்திகைக் கூட்டம் இல்லாத மாலையில் படியேறுவதும் இந்த வகையைச் சேர்ந்தவையே. நவம்பர் பிறந்து, காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டி, முதியவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே அடைந்துகிடக்கும் வாரங்களில், திரும்பி வந்தவன்தான் முகமூடி அணிந்துகொண்டு அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். போகிறவன் அவனாகவே இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சந்திப்பை ஒத்திவைக்காத டில்லித் தமிழர்களும் இருந்திருக்கிறார்கள். 1965இல் கி. கஸ்தூரிரங்கன் இந்த டில்லியிலிருந்துதான் கணையாழி என்ற இலக்கியப் பத்திரிகையைத் தொடங்கினார். க.நா.சு., இந்திரா பார்த்தசாரதி, சுஜாதா, ஆதவன், பின்னாளில் வானொலி உத்தியோகத்துக்காக வந்த தி. ஜானகிராமன் என்று ஒரு காலகட்டத்தின் நல்ல எழுத்து பலவும் இங்கே வாழ்ந்தவர்களின் கையிலிருந்து பிறந்தது. சுஜாதா பெங்களூருக்குப் போய்விட்டார். மற்றவர்களிலும் பலர் டில்லியை நிரந்தரம் என்று எண்ணி வந்தவர்கள் அல்லர். மாற்றல் உத்தரவு எப்போது வருமோ என்ற நிலையில் இருந்தவர்கள் சந்திப்பை அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைக்கவில்லை என்பது என் யூகம்.

இவ்வளவு நேரம் நடுத்தர வகுப்பாரின் மனக்குறைகளைப் பேசியாயிற்று. நடந்து போகும் தூரம் ஜீவனோபாயமாகவே இருந்த தமிழர்களும் இந்நகரில் உண்டு. ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரமாக இருந்த மதராஸி கேம்ப் என்ற குடிசைப் பகுதி, டில்லி உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2025 ஜூன் 1ஆம் தேதி இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189 குடும்பங்கள். அவர்களுக்கு அளிக்கப்பட்டவை நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில், நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில். வெள்ளம் வடிய வடிகாலை அகலப்படுத்த வேண்டியது அவசியமே, அதை மறுக்கவில்லை. ஆனால், ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் வீட்டு வேலை செய்த ஒரு பெண், தன் குழந்தையை அடுத்த வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனாள். மாதக் கடைசியில் அவளிடமே கைமாற்று வாங்கினாள். அந்த அக்கா தகுதிப் பட்டியலில் இல்லையென்றால், பட்டியலில் இருக்கும் பெண்ணுக்கும் பாதி வாழ்க்கை பறிபோனதாகவே அர்த்தம். தமிழ்நாட்டுக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவி செய்வதாகச் சென்னையிலிருந்து அரசு அறிவித்தது நல்லெண்ணத்தால்தான். ஆயினும் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை எந்த ஊருக்குத் திரும்பச் சொல்வது?

அந்தப் பிள்ளைகளில் பலர் லோதி எஸ்டேட்டிலுள்ள தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தார்கள். கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. பழைய நண்பர்களைத் தேடிக் கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற டில்லித் தமிழர்களில் ஐந்தாறு பேர் சேர்ந்து, ஞாயிறுதோறும் நரேலாவுக்குப் போய் அந்தக் குழந்தைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க முன்வர வேண்டும். போய்வர ஒரு வண்டியையும், அங்கே உட்கார ஓர் அறையையும் கல்விக் கழகமும் தமிழ்ச் சங்கமும் கலந்து ஏற்பாடு செய்துதர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.