கோல் காத்தவனுக்கு ஏணி இல்லை

“மலையக இளைஞர்களிடம் திறமை இருக்கிறது; விடாமுயற்சிதான் இல்லை.” பதுளையில் அண்மையில் நடந்த பரிசளிப்பு விழாவொன்றில் பிரமுகர் ஒருவர் இப்படி முழங்கினார். கைதட்டல் எழுந்தது. நான் தட்டவில்லை. கடைசி வரிசையில் நின்றிருந்த ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் உதைபந்தாட்ட அணிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கோல் காத்தவர் அவர். இன்று பயிற்சியாளர். அதற்குச் சம்பளமும் இல்லை, சான்றிதழும் இல்லை. பகலெல்லாம் மலையில் வேலை; மாலையில் லயத்துப் பையன்களுக்குப் பயிற்சி. மலைச்சரிவை வெட்டி எடுத்த சிறு மைதானத்தில் பந்து தவறினால் தேயிலைக்குள் உருண்டோடும். தேடி எடுப்பதற்குள் இருட்டிவிடும். பையன்களைப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் நாளில் அவருக்குப் பேர் விழாது. அன்றைய கூலி போய்விடும். இவருக்கா விடாமுயற்சி இல்லை?

பீற்றர் தங்கராஜை மூத்த வாசகர்கள் அறிவார்கள். ஹைதராபாத் தந்த கோல்காப்பாளர். 1956 மெல்பேர்ன், 1960 றோம் ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்திய அணியில் இடம்பெற்றவர். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2–1 என வென்று தங்கம் பெற்ற அணியின் கோலைக் காத்தவர். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார், பிற்காலத்தில் பயிற்சியாளரானார். அவரை வளர்த்தது எது? திறமை மட்டுமா? நீலகிரியின் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் அவருக்குச் சம்பளமும் சோறும் மைதானமும் தந்தது. 1955இலும் 1958இலும் டூரண்ட் கிண்ணத்தை வென்ற அணி அது. வெலிங்டனைச் சூழ்ந்திருப்பதும் தேயிலை மலைகள்தாம். மலையில் குறையில்லை ஐயா. மலையில் சாத்தி வைத்த ஏணியில்தான் வேறுபாடு.

தங்கராஜ் றோமில் நின்ற 1960இல் நம் தோட்டத்து மக்களின் நிலை என்ன? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராகியிருந்தனர். நாடில்லாதவன் எந்த நாட்டின் சீருடையை அணிவான்? 1964இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டார்கள். இறுதியாக 2003இல் ஒரு சட்டம் வந்துதான் எஞ்சியோரின் நாடற்ற நிலை தீர்ந்தது. அரைநூற்றாண்டுக்கும் மேலாக ஆட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் விடாமுயற்சி பற்றி உபதேசிப்பது வெட்கக்கேடு.

குற்றம் அரசினுடையது மட்டுமன்று. 1992இல் தோட்ட நிர்வாகத்தை ஏற்ற கம்பெனிகள் கொழுந்தின் எடையைக் கணக்கிட்டன. பிள்ளைகளின் மைதானம் அவர்கள் கணக்கில் எங்கே இருக்கிறது? நம் தலைவர்களோ தேர்தல் வந்தால் தம் படம் அச்சிட்ட ஜேர்சி கொடுப்பார்கள். கொழும்பில் நடந்த நிர்வாகக் குளறுபடியால் 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. நாற்காலிக்கு நடந்த சண்டையின் விலையை மைதானத்தில் நின்றவன் கொடுத்தான்.

நானும் குற்றவாளியே. இத்தனை ஆண்டுப் பத்திரிகைத் தொழிலில் கோல் போட்டவனின் பெயரை எழுதினேன். கிண்ணம் வழங்கியவரின் பெயரைத் தவறாமல் எழுதினேன். பயிற்றுவித்தவனின் பெயரை எத்தனை முறை எழுதினேன்?

மைதானம் முழுவதையும் தன் கண்முன் வைத்திருப்பவன் கோல்காப்பாளன்தான். அவன் பயிற்சியாளனாவது இயல்பு. அதற்குத் தமிழில் ஒரு பயிற்சிநெறி, ஒரு சான்றிதழ், மாதச் சம்பளத்துடன் ஒரு பதவி – இவை வேண்டும். இவற்றைக் கேட்பது பிச்சையன்று, பாக்கி வசூல்.

வெளிநாடுகளில் வாழும் நண்பர்களே, அடுத்தமுறை ஊருக்கு வெற்றிக்கிண்ணம் அனுப்பாதீர்கள். போட்டி நாளில் அந்த மனிதர் இழக்கும் கூலியை அனுப்புங்கள். கிண்ணத்தைப் பையன்கள் வென்றுகொள்வார்கள்.