எப்போதும் வென்றவர்களின் கட்டடம்

அமெரிக்காவில் ‘ஜஸ்டிஸ் சென்டர்’ என்றொரு கட்டட வகை இருக்கிறது. அங்கே கவுண்டி என்பது ஏறக்குறைய நம்முடைய மாவட்டத்தைப் போன்ற நிர்வாக அலகு. அந்தக் கவுண்டியின் சிறை, நீதிமன்றங்கள், ஷெரிஃப் எனப்படும் காவல் தலைவரின் அலுவலகம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதுதான் இதன் ஏற்பாடு. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் மெம்ஃபிஸ் நகரத்தில் இப்படி ஒரு கட்டடம் உண்டு. ஊர்க்காரர்கள் அதை ‘201 பாப்லர்’ என்று முகவரியைச் சொல்லியே அழைக்கிறார்கள். பிடித்து வருபவரைப் பதிவு செய்வது, அடைப்பது, நீதிபதி முன் நிறுத்துவது எல்லாம் அங்கே உள்ளுக்குள்ளேயே முடிந்துவிடும்.

நம்மூரிலும் இப்படி ஒன்று வந்தால் என்ன என்று கேட்கும் முற்போக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். நேரம் மிச்சம், செலவு மிச்சம், கைதியைப் பேருந்தில் விலங்கோடு அலைக்கழிக்க வேண்டாம் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காவலும் நீதியும் சிறையும் ஒன்றாக இருப்பது இந்தக் கரிசல் மண்ணுக்குப் புதிய கண்டுபிடிப்பு அல்ல. நாம் அதிலிருந்துதான் தப்பித்து வந்தோம். இன்னும் முழுதாகத் தப்பிக்கவில்லை.

கிராம முன்சீப்பை நினைத்துப் பாருங்கள். 1816ஆம் ஆண்டின் சென்னை ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவருக்குச் சிறு குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. பிடிப்பவரும் அவரே, விசாரிப்பவரும் அவரே, அடைப்பவரும் அவரே. குற்றவாளியைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். ஆனால் அவர் ‘தாழ்ந்த சாதி’யாக இருந்தால் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் கால்களை மாட்டி வைக்கலாம் என்று சட்டமே எழுதி வைத்தது. ஒரே குற்றத்துக்கு ஒருவருக்குச் சாவடி, இன்னொருவருக்குத் தொழுமரம். மனுநீதியை வெள்ளைக்காரன் ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்தான். அதை நடைமுறைப்படுத்தும் வேலை ஊரின் ஆதிக்கச் சாதிக் குடும்பங்களிடம் பரம்பரையாக இருந்தது. அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழிக்க 1980 வரை ஆனது.

கிராமத்துக்கு மேலே தாசில்தார் கச்சேரி. வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் ஒரே கையில். வரி கட்ட முடியாத குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855இல் இதையெல்லாம் பதிவு செய்து அறிக்கை கொடுத்தது. 1859இல் போலீஸுக்குத் தனிச் சட்டம் வந்தது. வரி வாங்குகிறவனிடமே லத்தியும் இருந்தால் என்ன ஆகும் என்பது காலனி அரசுக்கே புரிந்துபோன கதை இது.

இதை அண்ணல் அம்பேத்கர் இன்னும் தெளிவாகப் புரிந்திருந்தார். 1948 நவம்பர் 24 அன்று, நீதித்துறையை நிர்வாகத்திடமிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற பிரிவை அரசியல் நிர்ணய சபையில் அவர் முன்மொழிந்தார். முதலில் அதில் 3 ஆண்டுக் கெடு இருந்தது. மறுநாளே கெடு எடுக்கப்பட்டது. மிஞ்சியதுதான் இன்றைய 50ஆவது உறுப்பு. கெடு போனதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று சேரிகளைக் கேட்டால் சொல்லும்.

இப்போது சாத்தான்குளத்துக்கு வருவோம். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் பிடித்து வைக்கப்பட்டார்கள். ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இரவு முழுக்க அடி. மறுநாள் அரசு மருத்துவமனையில் உடல் தகுதிச் சான்று கிடைத்தது. நீதித்துறை நடுவரிடம் ரிமாண்ட் கிடைத்தது. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறை இருவரையும் உள்ளே ஏற்றுக்கொண்டது. 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார். 23ஆம் தேதி அதிகாலை அப்பா இறந்தார்.

இதில் சட்டம் கேட்கும் எந்தக் காகிதம் குறைந்தது? கைது செய்த 24 மணி நேரத்துக்குள் நடுவரிடம் கொண்டுபோக வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22ஆவது உறுப்பு. கொண்டுபோனார்கள். மருத்துவர் கையெழுத்து இருந்தது, நடுவர் கையெழுத்து இருந்தது, சிறைப் பதிவும் இருந்தது. காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம், சிறை நான்கும் தனித்தனிக் கட்டடங்களில் இருந்தும் ஒரே கட்டடம்போல வேலை செய்தன. ஒருவர் கூட நிறுத்தி, “சட்டையைக் கழற்று, முதுகைக் காட்டு” என்று கேட்கவில்லை.

உண்மை வெளியே வந்தது எப்படி? இந்தச் சங்கிலியில் சில கண்ணிகள் அறுந்ததால். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நடுவர் பாரதிதாசன் விசாரிக்கப் போனார். அவரையே காவலர்கள் மிரட்டினார்கள், அவமதித்தார்கள். கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். தலைமைக் காவலர் ரேவதி, தன் நிலையத்துக்கு எதிராகவே வாக்குமூலம் கொடுத்தார். உயர்நீதிமன்றம் அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது. ஒரு துறை இன்னொரு துறையைச் சந்தேகித்த இடத்தில்தான் நீதிக்கு ஒரு இடுக்கு திறந்தது. ஒத்துழைத்த இடத்தில் எல்லாம் பிணம் விழுந்தது.

துறைகளின் ஒற்றுமைக்கு இன்னும் பெரிய சாட்சி வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று அந்தப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தவர்கள் வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்தவர்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வனத்துறையினர் 155, காவலர்கள் 108, வருவாய்த் துறையினர் 6. தீர்ப்பு வர 2011 ஆனது. அதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். ஒருங்கிணைந்த சேவை என்றால் இதுதான் ஒருங்கிணைந்த சேவை.

சாதி இதில் எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு: ஜெயராஜுக்கும் பென்னிக்ஸுக்கும் வணிகர் சங்கங்கள் கடையடைத்தன. அந்தக் குரல் நியாயமானது, தேவையானது. ஆனால் மானாவாரிக் காட்டில் உளுந்தும் பாசியும் எடுக்கப் போகும் ஒரு தலித் கூலிக்காரர் காவல் நிலையத்தில் செத்தால் எந்தக் கடை அடைக்கப்படும்? எப்போதும்வென்றான் இருக்கும் இதே ஓட்டப்பிடாரம் தாலுகாவில்தான் கொடியன்குளமும் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீஸார் அந்த தலித் ஊருக்குள் புகுந்தார்கள். வளைகுடாவில் உழைத்து வாங்கிய பொருட்களை நொறுக்கினார்கள். பாஸ்போர்ட்டுகளையும் படிப்புச் சான்றிதழ்களையும் கூட அழித்தார்கள். தேடி வந்தது குற்றவாளியை என்றால் சான்றிதழைக் கிழிப்பானேன்? ஒரு சமூகம் தலை நிமிர்ந்ததற்குக் கொடுக்கப்பட்ட தண்டனை அது.

சிறைக்குள்ளே போனால் சாதி வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படுகிறதா? பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் சமூகத்தினருக்குத் தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கப்பட்டது உச்ச நீதிமன்றம் வரை போனது. மோதலைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்ற விளக்கத்தை உயர்நீதிமன்றம் முன்பு ஏற்றுக்கொண்டிருந்தது. சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய 2024 அக்டோபர் 3 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஊரும் சேரியும் மதிலுக்கு உள்ளேயும் இருந்தன. அதைப் பராமரித்தது அரசு.

ஆக, இந்த நிறுவனங்களுக்கு இடையில் இருக்கும் இடைவெளி நமக்கு இடைஞ்சல் அல்ல, பாதுகாப்பு. ஒரே வளாகத்தில் காலையும் மாலையும் முகம் பார்த்து, ஒரே கேண்டீனில் டீ குடிக்கும் ஆய்வாளரை நடுவர் எப்படிக் குறுக்குக் கேள்வி கேட்பார்? காவலில் அடி வாங்கியவர், அடித்தவர் வாசலில் நிற்க, அதே கட்டடத்தின் அடுத்த அறையில் வாய் திறப்பாரா?

தூரம் பிரச்சினை இல்லையா என்றால், பிரச்சினைதான். எப்போதும்வென்றானிலிருந்து கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ ஒரு வாய்தாவுக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண் நாலு வாய்தாவுக்கு லீவு போட்டால் ஐந்தாவது வாய்தாவுக்குச் சாட்சி சொல்ல வரமாட்டார். சமாதானம் பேச ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் இங்கே இரண்டு தூரங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். மக்களுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலான தூரம் குறைய வேண்டும். நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் இடையிலான தூரம் குறையவே கூடாது. முதலாவதைக் குறைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பயணச் செலவும் பராமரிப்புச் செலவும் அரசே தர வேண்டும் என்கிறது. அதைக் கேட்டு வாங்குவதை விட்டுவிட்டு நாம் ஏன் கண்ணாடிக் கட்டடத்துக்கு ஆசைப்பட வேண்டும்?

செங்கல் இல்லாமலேயே அந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். காவல், நீதிமன்றம், சிறை, அரசு வழக்குத் தொடர்வு, தடயவியல் எல்லாவற்றின் தரவுகளையும் ஒரே தளத்தில் இணைக்கும் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றிய அரசு 2022இல் 3,375 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தத் தளத்தில் முதல் வரியை எழுதப்போவது யார்? காவல் நிலையம்தான். எஃப்.ஐ.ஆரில் விழும் பெயர் ஒரு சொடுக்கில் நடுவரின் திரைக்கும் சிறையின் பதிவேட்டுக்கும் போய்விடும். இன்னொரு பக்கம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 15 நாள் போலீஸ் காவலைத் துண்டு துண்டாகப் பின்னாலும் கேட்டு வாங்க வழி வைத்திருக்கிறது. நீதிமன்றக் காவலுக்குப் போனவரை மறுபடியும் லத்தியிடம் திருப்பி அனுப்பும் வழி அது.

நாம் கேட்க வேண்டியவை வேறு. ரிமாண்டுக்கு வருபவரிடம் நடுவர், காவலர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பேச வேண்டும். உடலைப் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும். கைது செய்த நிலையத்தின் காவலர்களே அவரைச் சிறைக்குக் கூட்டிப்போகக் கூடாது. காவல் நிலையங்களில் கேமராவும் 18 மாதக் காட்சிகளைச் சேமிக்கும் கருவியும் வேண்டும் என்று 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் காட்சிகளின் சாவி காவல் நிலையத்தில் இருக்கக் கூடாது. வன்கொடுமை வழக்குகளுக்கு நீதிமன்றம் ஊரைத் தேடி வரட்டும். நடுவர்கள், வழக்கறிஞர்கள், சிறை அதிகாரிகள் எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார்கள் என்ற கணக்கு வெளியே வரட்டும்.

இளம் தோழர்களே, கட்டடத்தின் அழகில் மயங்காதீர்கள். இந்த மண்ணில் எப்போதும் வென்றவர்களின் கையில் காவல் இருந்தது, நீதி இருந்தது, சிறையும் இருந்தது. அந்த மூன்றையும் பிய்த்துப் பிரிக்கத்தான் நம் முன்னோர்கள் போராடினார்கள். பிரித்ததை ஒட்டவைக்கும் வேலைக்கு நாம் செங்கல் சுமக்க வேண்டியதில்லை.