குட்டிக்கரணமும் கோல்ஃப் மைதானமும்

ஒன்று விட்டு ஒரு வருடம், பிப்ரவரி பிறக்கும் முன்பே எலகங்காவைச் சுற்றியுள்ள இறைச்சிக் கடைகளின் ஷட்டர்கள் இறங்கிவிடும். கழிவு வெளியே கிடந்தால் பருந்து வட்டமிடும், பருந்து வட்டமிட்டால் போர் விமானத்துக்கு ஆபத்து என்று மாநகராட்சி உத்தரவு போடும். ஏர்ஷோ வருகிறது என்று பெங்களூருக்காரர்களுக்கு முதலில் சொல்வது ராணுவ அமைச்சகம் அல்ல, மட்டன் கடைக்காரர்தான். 1996இல் தொடங்கியது ஏரோ இந்தியா என்ற இந்த ஏர்ஷோ. ஏர்ஷோ நாட்களில் மொட்டை மாடிகளில் குடும்பங்கள் அண்ணாந்து நிற்கும். போர் விமானம் செங்குத்தாக ஏறும், மல்லாந்து பறக்கும். யாராவது ஒரு பையன் அப்பாவைக் கேட்பான்: "நாம ஊருக்குப் போற விமானம் இப்படிப் பண்ணுமா?"

பண்ணும். பண்ணியிருக்கிறது.

1955 ஆகஸ்ட். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் ஏரியில் விசைப்படகுப் பந்தயம். கரையில் பெருங்கூட்டம், அதில் உலகெங்குமிருந்து மாநாட்டுக்கு வந்திருந்த விமானக் கம்பெனித் தலைவர்கள். போயிங்கின் சோதனை விமானி டெக்ஸ் ஜான்ஸ்டன், பின்னால் 707 ஆகப்போகும் நான்கு என்ஜின் மாதிரி விமானத்தை ஏரிக்கு மேல் கொண்டுவந்து ஒரு முழுச் சுற்றுப் புரட்டினார். தற்செயல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று திரும்பி வந்து இன்னொரு முறை புரட்டினார். கம்பெனித் தலைவர் பில் ஆலனுக்கு அது முன்கூட்டித் தெரியாது. அந்த ஒரே ஒரு விமானத்தில் 1 கோடியே 60 லட்சம் டாலரைப் போட்டிருந்தது போயிங். மறுநாள் கூப்பிட்டுக் கேட்டதற்கு, விமானம் விற்றுக்கொண்டிருந்தேன் என்றாராம் ஜான்ஸ்டன். அக்டோபரில் பான் ஆம் கம்பெனி இருபது 707களுக்கு ஆர்டர் கொடுத்தது.

அவர் செய்தது பார்ப்பதற்குத்தான் பயங்கரம். பால் தூக்குவாளியைத் தலைக்கு மேல் சுழற்றியும் சொட்டுச் சிந்தாமல் வீடு சேர்க்கிற பிள்ளைகளுக்கு அதன் சூட்சுமம் தெரியும். மூக்கைச் சற்றே உயர்த்தி, ஒரு பீப்பாயின் உட்புறத்தை ஒட்டிச் செல்வது போல வளைந்து புரண்டால், தன் எடையைவிட மிக அதிகமாக எதுவும் இறக்கையில் ஏறாது. தலைகீழாக இருப்பது விமானத்தின் உடம்புக்கே தெரியாது.

இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தையில் மாட்டை நடத்திக் காட்டாமல் யார் வாங்குவார்கள்? ஆனால் ஒன்று. நடத்திக் காட்டுகிறவர் தரகர். அதைப் பூட்டி உழப்போகிறவர் வேறொருவர். பெரிய பயணிகள் விமானங்களின் சாகச வரலாற்றில் இந்த இரண்டு பேருக்கும் இடையிலான தூரத்தை நாம் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை. அந்தத் தூரத்துக்கு விலை கொடுத்த ஊர்களில் ஒன்று பெங்களூரு.

1987 பிப்ரவரியில் ஏர்பஸ் ஏ320 முதன்முதலாகப் பறந்தது. விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே கணினியை உட்கார வைத்த விமானம் அது. எவ்வளவு முறுக்கினாலும் 67 டிகிரிக்கு மேல் சாயாது. அந்தச் சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினால் எடை இரண்டரை மடங்காகும். அதற்கு மேல் இறக்கைக்கு ஏற்றக் கூடாது என்பது கணக்கு. விமானம் மிதக்கும் சக்தியை இழந்து விழப்போகிறது என்றால் கணினியே என்ஜினை முடுக்கும். விழவே விடாத விமானம் என்று வாங்குகிறவர்கள் காதில் விழுந்தது.

1988 ஜூன் 26 அன்று பிரான்ஸின் ஹாப்சைம் என்ற சின்ன விமானத்தளத்தில் ஏர் பிரான்ஸின் புத்தம்புது ஏ320 ஒன்று, 136 பேரை ஏற்றிக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் தாழ்வாகவும் மெதுவாகவும் பறந்து காட்டியது. 100 அடியில் பறப்பதாகத் திட்டம். 30 அடிக்கு இறங்கிவிட்டது. எதிரே மரங்கள். என்ஜின் முழு வேகம் பிடிக்கச் சில விநாடி வேண்டும். அந்த விநாடிகள் இல்லை. மூன்று பேர் இறந்தார்கள். விசாரணை விமானியைச் சொன்னது, விமானி இயந்திரத்தைச் சொன்னார்.

மறு வருடமே இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320களை இறக்கத் தொடங்கியது. நம் ஓடுபாதைகள் தாங்க வேண்டுமே என்று பின் சக்கரங்களைக் காலுக்கு நான்காகக் கேட்டு வாங்கினார்கள். தரையைப் பற்றி அவ்வளவு யோசித்தவர்கள்தான்!

1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து 146 பேருடன் வந்த 605ஆம் எண் விமானம், பட்டப்பகலில், தெளிந்த வானிலையில், பெங்களூரின் எச்.ஏ.எல். விமான நிலையத்தை நெருங்கியது. தொழிற்சாலையிலிருந்து வந்து சில வாரங்களே ஆன விமானம். ஓடுபாதைக்குச் சுமார் 700 மீட்டர் முன்பே, சல்லகட்டா பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் அதன் சக்கரம் பதிந்தது. எம்பிப் போய் ஒரு கரையில் மோதித் தீப்பிடித்தது. 92 பேர் இறந்தார்கள், இரு விமானிகளும் அதில் உண்டு.

நீதிபதி சிவசங்கர பட் தலைமையில் நடந்த விசாரணை, கணினி எந்த நிலையில் இருந்தது என்பதில் வந்து நின்றது. 'ஓப்பன் டிசென்ட்' என்ற அந்த நிலையில் என்ஜின்கள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். வேகத்தைக் காப்பது மூக்கின் சாய்வு மட்டுமே. உயரத்திலிருந்து இறங்கி வருவதற்கு அது சரி, தரைக்கு அருகில் அது கூடாது. விமானி மூக்கைத் தூக்கத் தூக்க வேகம் கரைந்தது. வழிகாட்டும் கருவிகள் இரண்டையும் அணைத்திருந்தால் கணினி வேகத்தைக் காக்கும் நிலைக்கு மாறியிருக்கும், ஒன்றுதான் அணைந்தது. பழைய விமானங்களில் என்ஜின் வேகம் மாறினால் நெம்புகோலும் கூடவே நகரும், மேலே கை வைத்திருந்தாலே விஷயம் தெரிந்துவிடும். ஏ320இல் அது நகராது. திரையைத்தான் பார்க்க வேண்டும். கடைசியில் அந்தப் பிரபலமான பாதுகாப்பு விழித்துக்கொண்டு என்ஜினை முடுக்கத்தான் செய்தது. ஹாப்சைமில் இல்லாத அதே விநாடிகள் இங்கேயும் இல்லை.

விமானிகளின் பிழை என்று அன்று சொல்லப்பட்டது. சட்டப்படி அது தப்பில்லை. ஆனாலும் அந்தச் சொல்லோடு கோப்பை மூடியது அவசரம் என்பேன். 1992 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே மலையில் மோதிய ஏ320இல் 87 பேர் இறந்தார்கள். இறங்கும் கோணத்தையும் இறங்கும் வேகத்தையும் ஒரே மாதிரி இரண்டு இலக்கத்தில் காட்டியது அதன் திரை. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்றது விசாரணை. அதன் பிறகே காட்டும் விதத்தை மாற்றினார்கள். இயந்திரம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரிகிறதா என்ற கேள்வி இன்று விமானிப் பயிற்சியில் தனிப் பாடம். அந்தப் பாடத்தின் ஆரம்பப் பக்கங்கள் பெங்களூரில் எழுதப்பட்டவை.

அதே எச்.ஏ.எல். ஓடுபாதையில்தான் 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் போர் விமானம் முதன்முதலாக எழும்பியது. அதுவும் கணினி வழி பறக்கும் விமானம். 1998 அணு சோதனைக்குப் பின் அமெரிக்கா உதவியை நிறுத்திக்கொள்ள, கணினிக்கான விதிகளை இங்கிருந்த பொறியாளர்களே எழுதி முடித்தார்கள். அன்றைய பறப்பு இருபது நிமிடத்துக்கும் குறைவு, சாகசம் ஏதுமில்லை. விமானி ராஜீவ் கோத்தியால் சக்கரத்தைக்கூட உள்ளே இழுக்காமல் பறந்து இறங்கினார். இந்த ஊர் பார்த்த பறப்புகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

2008 மே மாதம் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளியின் புது விமான நிலையத்துக்குப் போய்விட்டன. 2021 ஜனவரி 11 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தைக் கடந்து, ஜோயா அகர்வால் தலைமையில் பெண்களே ஓட்டிவந்த ஏர் இந்தியா போயிங் 777 அங்கேதான் இறங்கியது. உள்ளே இருந்த பயணிகளுக்கு அது ஒரு நீண்ட தூக்கம்.

பனிக்காலத்து விடியற்காலை ஒன்றில் பல்லாரி ரோட்டில் டாக்சியில் போய்க்கொண்டிருந்தேன். முன்னே பத்து வண்டிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தலைக்கு மேலே ஒரு விமானத்தின் விளக்குகள் இறங்கி வந்தன. திடீரென்று என்ஜின் சத்தம் உயர்ந்தது, மூக்கு நிமிர்ந்தது, விளக்குகள் பனிக்குள் ஏறிப் போய்விட்டன. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாததால் இறங்காமல் திரும்ப எழும்புகிறார்கள், 'கோ-அரவுண்ட்' என்பார்கள். 1990இல் அந்த மதியம் தேவைப்பட்டது அது ஒன்றுதான், சில விநாடிகள் முன்னதாக.

டிரைவர் கண்ணாடி வழியாக மேலே பார்த்தார். "இறங்காமப் போயிடுச்சே சார்" என்றார். "உள்ள இருக்கிறவங்க எல்லாம் இப்ப பைலட்டைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க."