பொன்னாடை போதுமா?

"மேடையில் வாசித்து வெற்றி பெற முடியாதவரே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறார்" என்னும் பேச்சு நம் கலையரங்குகளில் நெடுநாளாக உலவி வருகிறது. கச்சேரி செய்பவர் கலைஞர். கற்பிப்பவர் அவரினும் ஒரு படி தாழ்ந்தவர் என்பது இதன் உட்பொருள். கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நம் இசையின் வேரை அரித்து வரும் கரையான் இவ்வெண்ணமே என்பது என் துணிபு. இதனை மெய்ப்பிக்க வீணையையோ நாதசுரத்தையோ நான் சான்றாக அழைக்கவில்லை. அயலானது என்று நம்மவர் பலர் ஒதுக்கும் சாக்சபோனையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன்.

பெல்ஜிய நாட்டில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் பாரிஸ் நகரில் காப்புரிமை பெற்ற கருவி இது. உடல் பித்தளை, ஆயினும் ஒலி பிறப்பது நாணல் சீவலில். படைப்பிரிவுகளின் வாத்தியக் குழுக்களில் வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையில் தன் முழுக்குரலை அது கண்டுகொண்டது. நம் நாட்டிற்கும் அது புதிதன்று. பினாங்கில் 1932-இல் பிறந்த, இந்திய வம்சாவளியினரான அகமட் நவாப், சாக்சபோன் கலைஞராகவும் இசையமைப்பாளராகவும் மலாய் இசையுலகில் பெரும்பெயர் ஈட்டினார்.

அக்கருவியைக் கருநாடக இசைக்குள் நிலைபெறச் செய்தவர் கத்ரி கோபால்நாத். தென்கன்னடப் பகுதியில் 1949-இல் நாதசுரக் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோன் ஒலிக்கக் கேட்டு அதன்பால் ஈர்க்கப்பட்டார். விசைகளை அழுத்திச் சுரங்களைத் தனித்தனியே நிறுத்தும் கருவியில் கமகத்தை இழைப்பது எளிதான செயலன்று. கருவியைத் திருத்தியும், உதட்டையும் மூச்சையும் பழக்கியும் பல்லாண்டு உழைத்தார். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டியுடன் வாசித்தார். 1994-இல் இலண்டன் இராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பிபிசி நடத்தும் இசைவிழாவில் வாசித்தார். அதே ஆண்டில் 'டூயட்' திரைப்படம் அவர் ஊதலைத் தமிழர் இல்லந்தோறும் கொண்டு சேர்த்தது. 2004-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2019-இல் மறைந்தார்.

இவற்றை நாம் பெருமையோடு பேசுகிறோம். பேசாது விடுவது ஒன்றுண்டு. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரும், பின்னர்ச் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனும் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். பின்னவர் வாய்ப்பாட்டிலும் மிருதங்கத்திலும் புகழ்பெற்ற மேடைக் கலைஞர். மேடையில் முழுமை பெற்ற ஒருவர், தாம் வாசிக்கும் கருவிகளுள் ஒன்றல்லாத சாக்சபோனை ஏந்தி வந்த மாணவனுக்குத் தம் இசையறிவைத் திறந்துவைத்தார். மேடையிலே தோற்றவரா அவர்? கற்பித்ததால் அவர் கலை குறைந்ததா?

கடல் கடந்து பார்ப்போம். ஆர்ச்சி ஷெப் என்னும் ஜாஸ் சாக்சபோன் கலைஞர், 1971 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். இசைத்தட்டுகளையும் அதே காலத்தில் வெளியிட்டார். ஜாக்கி மெக்லீன் ஹார்ட்போர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மக்களின் இசைக்கென ஒரு துறையையே உருவாக்கினார். அத்துடன் நில்லாது, 1970-இல் தம் துணைவியாரோடு சேர்ந்து அந்நகரத்துப் பிள்ளைகளுக்கெனக் கலைக்கூடம் ஒன்றையும் நிறுவினார். வறுமையும் போதைப்பொருளும் சூழ்ந்த தெருக்களில் வளரும் சிறுவன் கையில் ஒரு கருவியைக் கொடுத்தால் அவன் வாழ்வு திசை மாறும் என்று நம்பிய செயல் அது. கத்ரி கோபால்நாத்தோடு இணைந்து 2008-இல் 'கின்ஸ்மென்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்ட ருத்ரேஷ் மகந்தப்பா, 2016-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் இசைப்பிரிவுக்கு இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

இவர்கள் அனைவரும் ஊதினர், கற்பித்தனர், கற்பித்தமைக்குத் திங்கள்தோறும் ஊதியம் பெற்றனர். மூன்றாவதாகச் சொன்னதைத்தான் நாம் காதில் வாங்க மறுக்கிறோம்.

மேலைநாட்டுச் செய்தி நமக்கெதற்கு என்பார் உளராயின், அவர்கள் சிலப்பதிகாரத்தைப் புரட்டட்டும். அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலைக் காட்டுமுன் இளங்கோவடிகள் யாரைக் காட்டுகிறார்? ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவரின் தகுதியையும் வகுத்துரைத்த பின்னரே ஆடுபவளை மேடையேற்றுகிறார். ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டுகள் அவளைப் பயிற்றியவர்களுக்குக் காப்பியத்தில் முன்வரிசை. நம் ஆண்டுவிழாக்களிலோ, சிறுமி ஆடிமுடித்த பின் நன்றியுரையில் அவள் ஆசிரியைக்கு அரைவரி.

இந்நூலைப் படிக்கும் தமிழாசிரியர்களுக்கு ஒன்று கூறுவேன். உங்கள் வரலாற்றையே சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டப்புறப் பள்ளிகளின் தொடக்க காலத்தில், பள்ளிக்கூடம் நடத்தியாக வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தியதால், கிராணியோ கங்காணியோ தம் வேலைக்கிடையே பிள்ளைகளைக் கூட்டிவைத்து அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தனர். அவர்களுள் அன்புடையோர் இருந்தனர்; அறிவுடையோரும் இருந்தனர். ஆயினும் அது கல்வியாக மலர்ந்தது எப்போது? பயிற்சியும் பதவியும் ஊதியமும் ஓய்வூதியமும் வந்து, ஆசிரியம் ஒரு தொழிலாக நிலைபெற்ற பின்னரே. இந்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நிலைத்து நிற்பதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமன்று. திங்கள் முடிவில் ஆசிரியர் கைக்கு வரும் சம்பளமும் காரணம். இவ்வுண்மையைச் சொல்ல நாம் நாணவேண்டியதில்லை.

இன்றைய இசையாசிரியர் அந்தக் கிராணியின் நிலையில் இருக்கிறார். பகலில் வேறு வேலை; மாலையில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் எட்டுப் பிள்ளைகள்; தீபாவளி மாதத்திலும் தேர்வு மாதத்திலும் வகுப்பில்லை, ஆகவே கட்டணமுமில்லை. பொதுநிகழ்ச்சிக்கு அழைப்பவர்கள் "இது சமுதாயத் தொண்டு" என்கின்றனர். மண்டபத்திற்கு வாடகை உண்டு. ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம் உண்டு. உணவு பரிமாறுபவருக்கு அன்றே கணக்குத் தீர்க்கப்படும். தொண்டு செய்யும் பேறு இசையாசிரியர் ஒருவருக்கே வாய்க்கிறது! அவருக்கொரு பொன்னாடை. அலமாரி நிறையப் பொன்னாடை வைத்திருப்பவர் அவற்றைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் கொடுத்து அரிசி வாங்க முடியுமா?

விளைவு கண்கூடு. திறமையுள்ள மகன் கருவியைக் கையிலெடுத்தால் பெற்றோர் அஞ்சுகின்றனர். அவர்கள் அச்சத்தை நான் பழிக்கமாட்டேன். அதற்குக் காரணமான நம்மையே பழிப்பேன். நம் ஆலயங்கள் பலவற்றில் நாதசுரமும் தவிலும் வாசிக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் கலைஞர்கள் வருகின்றனர். பிழைப்புக்காகக் குடும்பத்தைப் பிரிந்து வரும் அவர்கள்மேல் குற்றமில்லை. ஆனால் அத்தகைய வித்துவான் ஈராண்டு நம்மிடையே வாழ்ந்து திரும்பிச் செல்லும்போது, அக்கம்பத்துப் பிள்ளை ஒருவனுக்கேனும் சீவாளியைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போகிறாரா என்று எத்தனை நிர்வாகங்கள் கேட்கின்றன?

மறுப்புரைகள் சில எழும். சாக்சபோன் அந்நியக் கருவி என்பர். வயலின் எந்த ஊர்க் கருவி? தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மன்னர் 1834-இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தபோது, அதுவும் ஐரோப்பியரின் கருவியே. இன்று அஃதின்றிக் கச்சேரியில்லை. திருச்சியின் ஏ. கே. சி. நடராஜன் கையில் கிளாரினெட்டும் நம்முடையதாயிற்று. கருவிக்குக் குலமில்லை, அதைக் கற்பித்துக் கைமாற்றும் ஆசிரியரே அதனை நமதாக்குகிறார். கற்பிப்பதால் வாசிப்பு மங்கும் என்பர். ஷெப்பும் மெக்லீனும் கற்பித்துக்கொண்டே வாசித்தனர். பணமில்லை என்பர். இருநாள் விழாவின் அலங்காரச் செலவைக் கண்டவர்கள் இதனை நம்புவது கடினம்.

வழியே இல்லையா? உண்டு. பிரிக்பீல்ட்ஸில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி அவர்களின் வழிகாட்டலில் 1981-இல் எழுந்த 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' கலைக்கழகம், பயிற்சியையும் அரங்கேற்றத்தையும் ஒரே கூரையின்கீழ் வளர்த்துக் காட்டியது. ஆனால் ஒரு கழகம் பள்ளத்தாக்கு முழுமைக்கும் நீரூற்ற இயலாது. கிள்ளானில் வளரும் ஒரு தொழிலாளியின் பிள்ளை நாள்தோறும் தொடர்வண்டியேறிப் பிரிக்பீல்ட்ஸ் வந்து இசை பயில்வான் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஆகவே நான் வேண்டுவன மூன்று. ஆலய நிர்வாகங்கள் விழாச் செலவில் ஒரு பங்கை நிலையான இசையாசிரியர் சம்பளமாக ஒதுக்குக. ஒப்பந்தக் கலைஞரிடம் கற்பித்தலையும் கேட்டு, அதற்குரிய தொகையைத் தனியே கொடுக்க. தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், புறப்பாட நேரத்தில் வந்து கற்பிக்கும் கலைஞருக்கு எழுத்து மூலமான ஒப்பந்தமும் உரிய ஊதியமும் அளிக்க. கலைநிகழ்ச்சிகளைப் பற்றி எழுதும் நாம், வாசித்தவர் பெயரோடு கற்பித்தவர் பெயரையும் எழுதுக. மூன்றாவதற்குப் பணமே தேவையில்லை. அதையும் நாம் இதுவரை செய்யவில்லை.

மாணவர்களே, உங்களுள் ஒருவன் நாளை சாக்சபோனையோ நாதசுரத்தையோ ஏந்தி, "இதை வாசிப்பேன், கற்பிப்பேன், இதனாலேயே என் குடும்பத்தைக் காப்பேன்" என்று தந்தையிடம் தலைநிமிர்ந்து சொல்லும் நாள் வரவேண்டும். அந்தத் தந்தை அஞ்சாதிருக்க வேண்டுமானால், அடுத்த ஆண்டு விழாவின் வரவுசெலவுக் கணக்கில் இசையாசிரியர் சம்பளம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று இன்றே எழுந்து கேளுங்கள்.