பயற்றங்கொடியும் கிணற்று நீரும்

சண்டிலிப்பாய்ச் சகோதரி ஒருவர், தமது வளவிலுள்ள பயற்றங்கொடி பந்தல் முழுவதும் படர்ந்தும் கறிக்கு ஒரு பிடி காய்கூடத் தரவில்லையென வருந்தி எமக்கு எழுதியுள்ளார். வாரந்தோறும் யூரியா இடுவதாகவும் இருவேளையும் நீர் வார்ப்பதாகவும் அவரே கூறுகிறார். நோய் இன்னதென்று அக்கடிதமே சொல்லிவிடுகிறது.

பயறு, அவரை முதலியவற்றின் வேரில் சிறு முடிச்சுக்கள் உண்டு. அவற்றுள் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகின்றன. நாமும் யூரியாவைக் கொட்டினால் அம்முடிச்சுக்கள் குன்றும்; இலை தழைக்கும்; பூ பின்தங்கும். நடுமுன் பூவரசங்குழை தாழ்த்து மக்கிய எருவும் சாம்பலும் இட்டாலே போதும். பூத்தவற்றிற் பெரும்பகுதி உதிர்வது இக்கொடியின் இயல்பு என்பதையும் சகோதரி அறிந்திருத்தல் நன்று.

செடி உண்டது போக மிஞ்சிய உரம் எங்கே போகிறது? நமது குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணக்கல். மிகையாக வார்த்த நீர் உரத்தையும் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கே இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் பால்மா கரைத்துப் புகட்டினால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. ஒரு பந்தலால் ஊர்க் கிணறு கெடுமோ என்பர் சிலர். ஊர் என்பது பல பந்தல்கள் அல்லவா?

இனி, பூச்சிகள். முளைத்த சில நாளிலேயே கன்று மஞ்சளித்து அடித்தண்டு வீங்கி வெடித்தால், சிறு ஈயொன்றின் புழு உள்ளே புகுந்துவிட்டதென அறிக. வாடியதைப் பிடுங்கி எரித்துவிட்டு, எஞ்சியவற்றின் அடியில் மண் அணைத்தால் புதுவேர் விட்டுத் தப்பிவிடும். நுனிக்குருத்தில் கருநிறமாய் மொய்ப்பது அழுக்கணவன். எறும்பு ஏறியிறங்குவதே அதற்கு அடையாளம். நீரை வேகமாக அடித்தே கழுவிவிடலாம். பூக்களை நூலாற் பிணைத்துத் துளைக்கும் புழுவைக் காலையிற் கையாற் கிள்ளி எறிவதே சிறந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயும் காய்க்கு நஞ்சு தெளிப்பதை நாம் ஒருபோதும் ஒப்போம்.

வழுக்கையாற்றை அண்டிய தாழ்ந்த வளவுகளில் மாரி வெள்ளம் தேங்கி வேர் அழுகும். அங்கே பாத்தியை மேடாக்குக. காயை முற்றவிடாது ஆய்ந்தால் கொடி மீண்டும் பூக்கும்.

நுவரெலியாவிலிருந்து கொணர்ந்த போஞ்சி விதையைப் பற்றியும் அச்சகோதரி வினவியிருக்கிறார். அது குளிரை நாடுவது. சித்திரை வெயிலிற் பூ நில்லாது. மார்கழிக் குளிரிற் பூக்குமாறு கார்த்திகையில் ஒரு பிடி விதையை ஊன்றிப் பார்க்கட்டும்.