படிப்பகத்துக்கு ஒரு பென்டிரைவ்

அம்பேத்கர் பெயரிலும் பெரியார் பெயரிலும் நாம் நடத்தும் படிப்பகங்களில் நாளிதழ்கள் இருக்கின்றன, போட்டித்தேர்வு நூல்கள் இருக்கின்றன. பல இயங்குதளங்களைச் சேர்த்து வைத்த ஒரு பென்டிரைவும் அங்கே இருக்க வேண்டும் என்கிறேன்.

தமிழ்நாடு அரசு 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. சேரியிலிருந்து கல்லூரிக்குப் போன பல பிள்ளைகளுக்கு வீட்டின் முதல் கணினி அதுதான். அவற்றில் பல இன்று பரணில் கிடக்கின்றன. எல்லாம் பழுதானவை அல்ல. விண்டோஸ் திணறுகிறது என்று ஒதுக்கப்பட்டவையும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய இயந்திரங்களில் அது இருக்காது. புதிதாக வாங்கிக்கொள் என்கிறார்கள். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் எதை விற்று வாங்குவது?

கடையில் கொடுத்தால் சரிசெய்து தருவார்களே என்பீர்கள். எங்கள் பகுதி மாணவி ஒருவருடன் நானும் கடைக்குப் போனேன். திருட்டு விண்டோஸைப் போட்டுவிட்டுக் காசு வாங்கினார்கள். எப்படிப் போடுவது என்று அவர் கேட்டதற்கு, "உனக்கெதுக்கும்மா அதெல்லாம்?" என்றார்கள். கடைக்காரர் சாதி பார்த்துச் சொன்னாரா, தொழில் போய்விடும் என்று சொன்னாரா, தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. எழுத்து உனக்கெதுக்கு, குளம் உனக்கெதுக்கு என்று கேட்ட சமூகம் இது. 1927-இல் மகாடில் அண்ணல் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக அல்ல. பொதுவில் உள்ளது நமக்கும் உரியது என்று நிலைநாட்டத்தான்.

இந்த வேலையில் மறைக்க ஒன்றுமில்லை. வென்டாய் என்ற கட்டற்ற மென்பொருளை 32 ஜிபி பென்டிரைவில் ஒருமுறை நிறுவ வேண்டும். அப்போது அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் முன்பே வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைப் பாட்டு நகலெடுப்பது போல நகலெடுத்தால் போதும். லினக்ஸ் மின்ட், மிகப் பழைய இயந்திரங்களுக்கு ஆன்டிஎக்ஸ், உரிமம் உள்ளவர்களுக்கு விண்டோஸ் என எல்லாம் ஒன்றாக இருக்கும். கணினியை இயக்கும்போது எஃப்12 போன்ற பூட் விசையை அழுத்தி பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வரும். லினக்ஸை நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸ் திறக்காத கணினியிலிருந்து சான்றிதழ், புகைப்படக் கோப்புகளை அப்படியே மீட்கவும் முடியும். மின்ட்டும் ஆன்டிஎக்ஸும் யாரும் நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கக்கூடியவை. நம் பிள்ளைகள் திருட்டு மென்பொருளோடு தொடங்க வேண்டிய தேவையே இல்லை.

இதனால் சாதி ஒழிந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. மென்பொருள் துறைக்குள்ளும் சாதி இருக்கிறது. சாதிப் பாகுபாடு காட்டியதாக சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா அரசுத் துறை 2020-இல் வழக்குத் தொடுத்ததை நாம் அறிவோம். அந்தத் துறைக்குள் நுழையும் நம் பிள்ளைகள் வெறும் பயனராக அல்லாமல், இயந்திரத்தைத் திறந்து பார்த்தவர்களாக நுழைய வேண்டும் என்பதே என் வாதம்.

ஆகவே தோழர்களே, அந்தப் பென்டிரைவ் படிப்பகச் செயலாளரின் சட்டைப்பையில் இருக்கக் கூடாது. புத்தக அலமாரியில் இருக்கட்டும். முதலில் இரண்டு பெண் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். அடுத்தவர்களுக்கு அவர்களே கற்றுக்கொடுப்பார்கள்.